அண்ணிக்கு மட்டும் அனுமதி

எங்கள் வீட்டில் உப்பு டப்பாவின் பெயர் நானூற்று நாற்பத்து மூன்று. சர்க்கரை டப்பா எண்பது. காபித்தூள் டப்பா இருபத்திரண்டு. அதை அண்ணியைத் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது. கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வாசல், ஒவ்வொரு வாசலுக்கும் ஓர் எண் என்று இருக்கிறதல்லவா, அந்த எண்களை மனப்பாடம் செய்ய அண்ணி கண்டுபிடித்த வழி இது. பூட்டுப் போட்ட இணையதளத்துக்கு நானூற்று நாற்பத்து மூன்று; வீட்டிலேயே உப்பு டப்பாவின் மூடிதான் இறுக்கம், ஆகவே அதற்கு அந்தச் சீட்டு. பூட்டில்லாத பழைய வாசல் எண்பது. மூடி தொலைந்துபோன சர்க்கரை டப்பாவில் எறும்பெல்லாம் தாராளமாக வந்து போகிறது. இருபத்திரண்டு நிர்வாகி மட்டும் நுழையும் வாசல்; எங்கள் வீட்டுக்கு நிர்வாகி அண்ணி. ஒருநாள் அண்ணன் எண்களைக் குழப்பிக் காபியில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு, "இந்த வீட்ல மனுஷன் இருக்க முடியுமா?" என்று கேட்டான்.

"இருக்கலாம். ஒட்டியிருக்கறதப் படிச்சுட்டு எடுத்தாப் போதும்" என்றார் அண்ணி.

நான் நெட்வொர்க் அட்மின். ஆபீஸில் நெட் வராவிட்டால் எல்லாரும் யார் பெயரைச் சொல்லித் திட்டுவார்களோ, அவன் நான்தான். நெட் வரும் நாட்களில் என்னை யாருக்கும் தெரியாது. அண்ணனுக்கு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. அண்ணி கல்யாணத்துக்கு முன்பு ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் சென்டரில் இருந்தவர். வாலு பிறந்தபோது வேலையை விட்டார். வாலு என்பது என் அண்ணன் மகள். ஆறு வயது, பெயருக்கேற்ற குணம்.

போன மாதம் ஒரு கம்பெனியின் உதவி மையத்துக்கு அண்ணி நேர்காணல் போய்வந்தார். அவர்களுக்கு இவரைப் பிடித்துவிட்டது. ஆனால் வேலையை விட்டு இத்தனை வருஷம் ஆகிவிட்டதே என்று ஒரு தயக்கம். நெட்வொர்க் தேர்வு எழுதி சர்டிபிகேட்டோடு அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை வாருங்கள், அன்றைக்கே சேர்ந்துகொள்ளலாம். இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். தேர்வுக்குக் கிடைத்த ஒரே நாள் அதற்கு முந்தின சனிக்கிழமை. வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுத வேண்டும். தவறினால் வேலை போச்சு.

அந்த மாதம் முழுவதும் அண்ணி பறந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். குக்கர் விசில் அடித்தால், "போய்ச் சேந்துடுச்சுன்னு பதில் வந்துடுச்சு" என்பார். வாலு சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால், "பாக்கெட் தொலைஞ்சுபோச்சு, திருப்பி அனுப்பறேன்" என்று மறுபடி அதையே சொல்வார். நெட்டில் தகவல் துண்டு துண்டாகப் போகும்; அந்தத் துண்டுக்குப் பெயர்தான் பாக்கெட். எனக்கு ஒரே குஷி. வீட்டில் நான் சொல்லும் ஜோக்குக்குச் சிரிக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டதே.

ஆன்லைன் தேர்வின் விதிகளைப் படித்தால் ஜெயில் விதிகள் தேவலாம். அறையில் தேர்வு எழுதுபவரைத் தவிர ஓர் ஈ காக்கை இருக்கக் கூடாது. கதவு சாத்தியிருக்க வேண்டும். போன் கூடாது. நாற்காலியை விட்டு எழுந்தால் ரத்து. வேறு யாராவது உள்ளே வந்தால் ரத்து. லேப்டாப்பின் கேமரா விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். எங்கோ இருக்கும் கண்காணிப்பாளரும் பார்ப்பார். திரை முழுவதையும் தேர்வு மென்பொருள் பிடித்துக்கொள்ளும், வேறு எதையும் திறக்க முடியாது. நடுவில் நெட் போனால் பதினைந்து நிமிடத்துக்குள் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அதுவும் ரத்து.

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நான் வெள்ளிக்கிழமை மாலையே ஊத ஆரம்பித்துவிட்டேன்.

முதல் காரியமாக, ஹாலில் இருந்த வைஃபை ரௌட்டரைக் கழற்றி அண்ணி தேர்வு எழுதப்போகும் அறையில் மேசைக்குப் பக்கத்திலேயே வைத்தேன். சிக்னல் பிய்த்துக்கொண்டு வரும் என்று பெருமை. அடுத்து, வீட்டில் யார் யார் நெட்டைத் தின்கிறார்கள் என்று பார்த்தேன். டிவி, வாலுவின் டேப்லட், அண்ணனின் போன், பாட்டுப் பாடும் ஸ்பீக்கர், துணி துவைக்கும் மெஷின், அண்ணன் வாங்கிய எடை பார்க்கும் மெஷின்கூட. அதற்கு எதற்கு இன்டர்நெட்? அண்ணனின் எடையை ஊருக்கெல்லாம் தண்டோரா போடவா?

"நாளைக்கு அண்ணி லேப்டாப்பைத் தவிர இந்த வீட்ல எதுக்கும் நெட் கிடையாது" என்று அறிவித்தேன்.

"உனக்கு?" என்றான் அண்ணன்.

"எனக்கும் கிடையாது. சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்."

ஒவ்வொரு கருவிக்கும் வைஃபையில் தன்னை அடையாளம் காட்ட ஒரு முகவரி உண்டு; எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து பன்னிரண்டு இடம். அண்ணியின் லேப்டாப் காட்டிய முகவரியை ரௌட்டரில் எழுதி, காலை பத்து மணியிலிருந்து இந்த ஒன்றுக்கு மட்டும் அனுமதி, மற்ற எல்லாருக்கும் கதவடைப்பு என்று விதி போட்டேன். அதோடு விட்டேனா? ரௌட்டரின் திரையைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், "நாளைக்கு அண்ணிதான் ராணி" என்று எழுதிப் போட்டேன். அத்தை முதல் மாமா பிள்ளை வரை எல்லாரும் கைதட்டல் படம் அனுப்பினார்கள். அத்தனை பேரில் ஒருவருக்கும் அது என்னவென்று புரிந்திருக்காது. அதனால் என்ன, கைதட்டல் கைதட்டல்தான்.

சனிக்கிழமை காலை அண்ணி சட்டை மாதிரிக் காலர் வைத்துத் தைத்த நீலச் சுடிதார் போட்டுக்கொண்டு அறைக்குள் போனார். போகும்போது என் கையைப் பிடித்தார். அவர் கை சில்லென்று இருந்தது. "நெட்டப் பத்தி யோசிக்காதீங்க அண்ணி, அது என் பொறுப்பு" என்றேன். கதவு சாத்தப்பட்டது. உள்ளே கேமராவுக்கு அறையின் நாலு மூலையையும் சுற்றிக்காட்ட அண்ணி நடக்கும் சத்தம் கேட்டது. சோதனையெல்லாம் முடிந்து தேர்வு தொடங்கியது.

பத்து மணி ஆனதும் வாலுவின் டேப்லட்டில் கார்ட்டூன் நின்றது. ஸ்பீக்கர், இணைப்பு இல்லை என்று சோகமாகச் சொன்னது. நான் சோபாவில் சாய்ந்து கால் மேல் கால் போட்டுக்கொண்டேன்.

"பாத்தியா? என் விதி எப்படி வேலை செய்யுது."

அப்போது என் போனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. தேர்வு மையத்திலிருந்து. அவசரத் தொடர்புக்கு என்று அண்ணி என் எண்ணைக் கொடுத்திருந்தார். தேர்வு எழுதுபவரின் இணைப்பு துண்டிக்கப்பட்டது, பதினைந்து நிமிடத்துக்குள் மீளாவிட்டால் தேர்வு ரத்தாகும் என்று இருந்தது.

 நெட் கம்பெனிக்காரன் கவிழ்த்துவிட்டான் போலிருக்கிறது என்று முதலில் அவனைத் திட்டினேன். என்ன நடக்கிறது என்று பார்க்க என் லேப்டாப்பைத் திறந்து ரௌட்டருக்குள் நுழையப் போனேன். ரௌட்டர், நீ யாரு, உன் பேரு பட்டியல்ல இல்லையே என்பதுபோல வெளியே தள்ளியது. ஆமாம், சட்டம் எல்லாருக்கும் சட்டம். என்னையே நான் வெளியே வைத்துப் பூட்டியிருந்தேன்.

சரி, நான் வெளியே; அண்ணி ஏன் வெளியே போனார்? அவர் பெயர்தானே பட்டியலில் இருக்கிறது? அதை யோசித்தபோதுதான் எனக்கு வியர்த்தது. அண்ணியின் லேப்டாப்பில் தினம் ஒரு புது முகவரியை மாட்டிக்கொள்ளும் வசதி ஒன்று இருக்கிறது. வெளியிடங்களில் யாரும் பின்தொடரக் கூடாது என்று அதைப் போட்டுவிட்ட புண்ணியவான் நானே. நேற்று ஒரு முகவரியோடு இருந்த லேப்டாப் இன்று வேறு முகவரியோடு வந்திருக்கிறது. நான் நேற்றைய லேப்டாப்புக்கு அனுமதி கொடுத்துவிட்டு இன்றைய லேப்டாப்பை வாசலில் நிறுத்தியிருக்கிறேன். அலுவலகத்தில் ஜூனியர் யாராவது இப்படிச் செய்திருந்தால் அவன் பரம்பரையையே இழுத்திருப்பேன்.

"என்னடா முகம் இப்படிப் போச்சு?" என்றான் அண்ணன். சொன்னேன். பாதி புரிந்தது அவனுக்கு. அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது.

"ரௌட்டர்ல ஒரு பட்டன் இருக்குமே, அத அமுக்கு."

"ரௌட்டர் உள்ள இருக்கு. அண்ணி பக்கத்துல."

"அத யார் அங்க கொண்டுபோய் வெச்சது?"

 அண்ணனே என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு விடுவிடுவென்று மெயின் சுவிட்ச் இருந்த பக்கம் போனான். "எல்லாத்தையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும், எங்க ஆபீஸ்ல அப்படித்தான்." நான் பாய்ந்து அவன் கையைப் பிடித்தேன். ரௌட்டரை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் அந்த விதி அதன் வயிற்றுக்குள் பத்திரமாக இருக்கும். நான் அவ்வளவு ஒழுங்காகச் சேமித்து வைத்திருந்தேன்.

"அப்ப தேர்வுக்காரங்களுக்குப் போன் போடு" என்று சொல்லி அவனே போட்டான். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு குரல் சொல்லிவிட்டுப் புல்லாங்குழல் வாசிக்க ஆரம்பித்தது. அண்ணன் போனைக் காதில் வைத்தபடி ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். வாலு அவன் பின்னாலேயே நடந்தாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணி இருக்கிறார். எழுந்திருக்கக் கூடாது, கூப்பிடக் கூடாது. சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு கேமரா முன்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். என் பொறுப்பு என்று சொல்லி அனுப்பியவன் வெளியே முழித்துக்கொண்டு நிற்கிறேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்த படுபாவி என்று என்னையே வைதுகொண்டேன்.

வைதால் பாக்கெட் நகருமா? மூளையைக் கசக்கினேன். ரௌட்டர் ஒரே ஒரு முகவரியை உள்ளே விடும். அந்த முகவரி இப்போது யாரிடமும் இல்லை. அநாதையாகக் கிடக்கிறது. அப்படியானால் அதை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாமே. என் லேப்டாப்புக்கு நேற்றைய அண்ணி வேஷம் போட்டுவிட்டால்?

சோபாவிலிருந்து துள்ளி எழுந்ததில் டீப்பாய் முழங்காலில் இடித்தது. வலிக்கவே இல்லை.

"அண்ணா, உன் போனக் குடு. நேத்து குழுவுல நான் போட்ட படம்."

"லைன்ல இருக்கேன்டா."

"அவங்க எடுக்க மாட்டாங்க. குடு."

என் போனிலேயே அந்தப் படம் இருந்தது. பதற்றத்தில் அது எனக்குத் தோன்றவில்லை. அண்ணன் போனில் கைதட்டல்களையெல்லாம் தள்ளித் தள்ளி மேலே போய் அந்தப் படத்தைப் பிடித்தோம். பெரிதாக்கினோம். படத்தைப் பிழிந்து சிறிதாக்கி அனுப்பியிருந்த வாட்ஸ்அப், எழுத்துகளையும் சேர்த்துப் பிழிந்திருந்தது. பத்து இடம் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு இடத்தில் இருப்பது எட்டா, பி என்ற ஆங்கில எழுத்தா என்று புரியவில்லை.

"ரெண்டுமே எட்டு" என்றான் அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு. "நான் நாள் பூரா நம்பரப் பாக்கறவன், எங்கிட்ட சொல்லாத."

இரண்டு எட்டோடு முகவரியை மாற்றி வைஃபையைத் தட்டினேன். வட்டம் சுற்றியது. சுற்றியது. வெளியே தள்ளியது.

"நாள் பூரா நம்பரப் பாக்கறவன்" என்றேன்.

"முதல்ல உன் வேலையப் பாரு" என்றான்.

முதலில் எட்டு, பிறகு பி. வட்டம் சுற்றியது. வாலு என் தோளில் தொங்கிக்கொண்டு, "வா வா வா" என்று அதைக் கூப்பிட்டாள். வரவில்லை. போனில் இன்னொரு குறுஞ்செய்தி: கால அவகாசம் முடியப்போகிறது. நான் அதை முழுதாகப் படிக்கவில்லை. முதலில் பி, பிறகு எட்டு. தட்டினேன்.

உள்ளே விட்டது.

அந்த நொடி எனக்கு எப்படி இருந்தது என்றால், உயிர் போய் உயிர் வந்தது. ரௌட்டர் என் லேப்டாப்பைப் பார்த்து, வாங்க அண்ணி என்றது. அவசரத்தில் பாஸ்வேர்டை ஒரு தடவை தப்பாக அடித்தேன். அடுத்த தடவை திறந்தது. அனுமதிப் பட்டியலுக்குப் போனேன், என் அருமையான விதியைத் தேர்ந்தெடுத்தேன். நிச்சயமாக நீக்கவா என்று கேட்டது. இதைவிட நிச்சயமாக நான் எதையும் என் வாழ்க்கையில் நீக்கியதில்லை. நீக்கிவிட்டு, வேஷம் போட்டது போதும் என்று என் லேப்டாப்பை மூடினேன்.

ஸ்பீக்கர் உயிர் பெற்றுப் பாட வாயெடுத்தது. அண்ணன் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினான். மூவரும் என் போனையே பார்த்தோம். அது ஒருமுறை அதிர்ந்தது. இணைப்பு மீண்டது, தேர்வு தொடர்கிறது.

கத்தக் கூடாது, கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கும். ஆகவே மூன்று பேரும் சத்தமில்லாமல் ஆடினோம். அண்ணன், ஆபீஸில் சிரிப்பதற்குக்கூட யோசிப்பவன், சாக்ஸ் காலோடு ஹாலில் சுற்றிச் சுற்றி வந்து சோபாவில் விழுந்தான். வாலு வாயைக் கையால் பொத்திக்கொண்டு குதித்தாள். தேர்வு மையத்தின் புல்லாங்குழல் மட்டும் அண்ணன் போனில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு தேர்வு முடியும்வரை நான் எதையும் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. விதிப்படி தேர்வு முடிந்த பிறகுதான் கண்காணிப்பாளர் பேசுவார். கதவுக்கு வெளியே மூன்று காதுகள் ஒட்டிக்கொண்டன.

"தேர்வு முடிஞ்சது. மார்க் நல்லா வந்திருக்கு, பாஸ்தான்" என்றது ஒரு பெண் குரல். அண்ணன் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். ஆனால் குரல் நிற்கவில்லை. "ஆனா ரிசல்ட்ட இப்ப நிறுத்தி வெச்சிருக்கேன். நடுவுல உங்க இணைப்பு போச்சு. வெளிய யாரோ தடுத்தாங்களா, இல்ல நீங்களே துண்டிச்சீங்களா? நீங்களே துண்டிச்சிருந்தா இத ரத்து பண்ண வேண்டியிருக்கும். என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

 அண்ணியின் குரல் வந்தது, கதவில் காதை ஒட்டியிருந்த எனக்கே அரைகுறையாகக் கேட்கும் அளவுக்குச் சின்னதாக.

"தெரியல மேடம். நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போலிருக்கு."

அதற்குமேல் என்னால் வெளியே நிற்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போய் கேமரா முன்னால் நின்றேன்.

"இல்ல மேடம். அவங்க இல்ல, நான். நான் பண்ணது."

திரையில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீங்க யாரு?"

"இவங்க கொழுந்தன். நெட்வொர்க் அட்மின்."

ஆரம்பத்திலிருந்து சொன்னேன். ரௌட்டரை உள்ளே கொண்டுவந்து வைத்தது, பட்டியல் போட்டது, என்னையே வெளியே வைத்துப் பூட்டிக்கொண்டது, தினம் மாறும் முகவரியை நானே போட்டுவிட்டு நானே மறந்தது, அண்ணி வேஷம் போட்டு உள்ளே நுழைந்தது. ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல அந்த அம்மாவின் உதடு இறுகியது. கோபம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"எத்தன வருஷமா அட்மினா இருக்கீங்க?"

"பத்து வருஷம் மேடம்."

"தன்னையே இவ்வளவு கேவலப்படுத்திக்கிட்டு யாரும் பொய் சொல்ல மாட்டாங்க" என்றார். "அந்த நேரம் பூரா அவங்க கை மேசை மேலதான் இருந்தது, பதிவுல பாத்துட்டேன். காரணம் மட்டும்தான் வேண்டியிருந்தது." ஏதோ தட்டினார். அண்ணியின் திரையில் பச்சை நிறத்தில் தேர்ச்சி என்று வந்தது. "வாழ்த்துக்கள்மா. உங்க கொழுந்தனக் கொஞ்சம் ரௌட்டர் பக்கம் விடாமப் பாத்துக்கங்க."

திரை அணைந்தது. அண்ணன் கத்தினான், வாலு கத்தினாள், நான் கத்தினேன். அண்ணி மட்டும் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்று காதைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"அப்ப நான் எதையும் அமுக்கல?"

"இல்ல அண்ணி."

"ஒழுங்காச் சொல்லு."

"நீங்க எதையும் தப்பா அமுக்கல. தப்பு முழுக்க என்னோடது."

அவர் மேசைமேல் விரித்திருந்த தன் கைகளைப் பார்த்தார். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. "அந்த நேரம் பூரா இந்த விரலையே பாத்துட்டு உக்காந்திருந்தேன்டா. எந்த விரல் பண்ணுச்சுன்னு ஒவ்வொண்ணாக் கேட்டேன். இத்தன வருஷம் கரண்டி பிடிச்ச கை, எல்லாத்தையும் மறந்துடுச்சு, இது இனிமே அந்த வேலைக்கு ஆகாதுன்னே முடிவு பண்ணிட்டேன். நெட் திரும்பி வந்தப்பறமும் ஒவ்வொரு பதிலையும் பயந்து பயந்துதான் அமுக்கினேன்."

  அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார். அழுகையோடு கலந்து ஒரு சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பே அதை ஜெயித்துவிட்டது.

"என்னங்க, இப்படிப் பக்கத்துல வாங்க. இவன் ஒண்ணு சொல்றான், கேளுங்க" என்றார். காலையிலிருந்து எல்லாம் தெரிந்த அண்ணன், ஒன்றும் தெரியாதவன்போல வந்து நின்றான். "சொல்லுடா."

"அண்ணி எதையும் தப்பா அமுக்கல" என்றேன்.

அதையே சாயங்காலம் அத்தைக்கு வீடியோவில் சொல்ல வைத்தார். எதிர் வீட்டுக்காரர்களிடம் சொல்ல வைத்தார். ஞாயிற்றுக்கிழமை வந்த மாமா பிள்ளையிடம், அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்ல வைத்தார். திங்கட்கிழமை காலை சர்டிபிகேட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்றபடி கடைசியாக ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.